முத்தமிட்டால் உப்புக் கரிக்கும் குழந்தை: சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் – வீட்டுப் பராமரிப்புக்கு ஒரு முழு வழிகாட்டி

குழந்தையின் நெற்றியில் முத்தமிட்டால் உதட்டில் உப்புக் கரிக்கிறது. விளையாடி வந்து வியர்வை காய்ந்தால் கழுத்தோரம் வெள்ளை பூத்துக் கிடக்கிறது. மாதக்கணக்காக இருமல் விடவில்லை. நன்றாகச் சாப்பிடுகிறது, ஆனால் எடை ஏறவில்லை. மலம் எண்ணெய்ப் பசையோடு, தாங்க முடியாத நாற்றத்தோடு, தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் மிதக்கிறது. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருந்தாலே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பெயர் மருத்துவரின் வாயிலிருந்து வர வேண்டும். நம் ஊரில் அதற்கு முன் பெரும்பாலும் 'பிரைமரி காம்ப்ளெக்ஸ்' என்ற பெயர்தான் வருகிறது. ஆறு மாதம் காசநோய் மாத்திரை முடிந்தும் இருமல் அப்படியே இருக்கிறது. காசநோய் இங்கே பரவலாக இருப்பதால் அந்தச் சந்தேகத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கிருமி கண்டறியப்படாமல் இரண்டாம் முறையும் காசநோய் மருந்து எழுதப்பட்டால், "ஒரு முறை ஸ்வெட் டெஸ்ட் பார்த்துவிடலாமா?" என்று கேட்பது பெற்றோரின் உரிமை.

இந்த நோய்க்கான கையேடுகளில் பெரும்பாலானவை குளிர் நாடுகளில் எழுதப்பட்டவை. அங்கே உப்பு ஒரு சின்னப் பத்தியில் முடிந்துவிடும். நம் வெயிலுக்கு அது முதல் அத்தியாயம். அதனால் இங்கே உப்பில் தொடங்கி, பிறகு கணையம், அதற்குப் பிறகு நுரையீரல் என்று போகிறோம்.

கோளாறு எங்கே?

ஏழாவது குரோமோசோமில் சி.எஃப்.டி.ஆர். என்றொரு மரபணு இருக்கிறது; 1989-இல் கண்டுபிடித்தார்கள். செல்லின் மேற்பரப்பில், உப்பின் ஒரு பகுதியான குளோரைடு போய்வரும் கதவை உண்டாக்குவது அதன் வேலை. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியும் பழுதானால் அந்தக் கதவு திறக்காது. வியர்வைச் சுரப்பியில் உப்பைத் திரும்ப உறிஞ்ச முடியாமல் அது தோலில் கொட்டுகிறது. நுரையீரலிலும் கணையத்திலும் நீர் போதாமல் சுரப்பு பசையாக இறுகுகிறது. பார்க்க வெவ்வேறு தொல்லைகள், வேர் ஒன்றுதான்.

1948-இல் நியூயார்க்கில் கடும் வெப்ப அலை வீசியபோது நீர்ச்சத்து வற்றி மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் இந்த நோயாளிகள் அதிகம் இருந்தார்கள். அதைத் தொடர்ந்துதான் இவர்கள் வியர்வையில் உப்பு மிகுதி என்பதை பால் டி சான்டக்னீஸ் என்ற மருத்துவர் நிறுவினார். நியூயார்க்கில் அது அபூர்வமான வெயில். நமக்கு ஒவ்வொரு ஆண்டும் கத்திரி.

நோயை உறுதி செய்வது

தோலில் பைலோகார்பைன் மருந்தை லேசான மின்சாரத்தால் செலுத்தி, சுரக்கும் வியர்வையைச் சேகரித்து அதில் குளோரைடு அளப்பதுதான் ஸ்வெட் டெஸ்ட். ஊசி இல்லை, வலி இல்லை, கொஞ்சம் குறுகுறுக்கும். லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் என்றால் நோய் இருக்கிறது. 30 முதல் 59 வரை சந்தேக வளையம்; மரபணுப் பரிசோதனை தேவை. 30-க்குக் கீழே வாய்ப்பு குறைவு.

சில ஆய்வகங்கள் குளோரைடை அளக்காமல் 'கண்டக்டிவிட்டி' (வியர்வை மின்சாரத்தைக் கடத்தும் திறன்) மட்டும் பார்த்து எண் தருவார்கள். இரண்டும் ஒன்றல்ல, 60 என்ற கோடு குளோரைடுக்கு மட்டுமே. அறிக்கையில் எது அளக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். வியர்வை போதவில்லை என்றால் அந்தப் பரிசோதனை செல்லாது, மீண்டும் எடுக்க வேண்டும். உடலில் வீக்கம் இருக்கும்போது எடுத்தால் எண் பொய்யாகக் குறைந்து வரலாம். சத்துக் குறைந்து கால் வீங்கிய நிலையில் வரும் குழந்தைக்கு 'நார்மல்' என்று வந்தால், வீக்கம் வடிந்தபின் இன்னொரு முறை பாருங்கள்.

மரபணுப் பரிசோதனையிலும் ஒரு சிக்கல் உண்டு. ஐரோப்பியரிடம் மிகப் பரவலான எஃப்508டெல் என்ற பிறழ்வு இந்தியக் குழந்தைகளிடம் அவ்வளவு இல்லை. ஐரோப்பியப் பட்டியலை மட்டும் தேடும் மலிவான பரிசோதனை நம் குழந்தையின் பிறழ்வைத் தவறவிடலாம். மரபணு முழுவதையும் வாசிக்கும் பரிசோதனையைக் கேளுங்கள். பிரிட்டனிலோ கனடாவிலோ இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பொருந்தும்: பிறந்தவுடன் குதிகாலில் குத்தி எடுக்கும் பரிசோதனை சரியாக வந்தாலும், அறிகுறி இருந்தால் ஸ்வெட் டெஸ்ட் கேட்க வேண்டும். இந்தியாவில் பிறந்த குழந்தைகள் அனைவருக்கும் இந்த நோயைத் தேடும் ஏற்பாடே இல்லை.

வேலூர் சி.எம்.சி., டெல்லி எய்ம்ஸ் போன்ற இடங்களில் இந்த நோயில் அனுபவமுள்ள குழந்தைகள் நலப் பிரிவுகள் உள்ளன. அன்றாடக் காய்ச்சலுக்கு உள்ளூர் மருத்துவர், மூன்று மாதத்துக்கு ஒரு முறை அப்படியொரு மையம் என்று பிரித்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

உப்பு: எவ்வளவு, எப்படி

"குழந்தைக்கு ஒரு வயது வரை உப்பு வேண்டாம்" என்ற அறிவுரை எல்லோருக்கும் தெரியும். இந்தக் குழந்தைக்கு அது நேர் எதிர். தாய்ப்பாலிலும் பால் பவுடரிலும் உப்பு மிகக் குறைவு. வெயில் காலத்தில் வியர்வையில் கொட்டும் உப்பை அது ஈடுகட்டாது.

அமெரிக்க சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் ஃபவுண்டேஷன் சொல்லும் அளவு: பிறந்தது முதல் ஆறு மாதம் வரை ஒரு நாள் முழுவதற்கும் சேர்த்து டீஸ்பூனில் எட்டில் ஒரு பங்கு, அதன் பிறகு கால் டீஸ்பூன். கால் டீஸ்பூன் தூள் உப்பு ஏறக்குறைய 1.5 கிராம். உச்ச வரம்பு, எடையில் கிலோவுக்கு 4 மில்லிமோல் சோடியம். 3 கிலோ குழந்தைக்கு எட்டில் ஒரு பங்கே அந்த வரம்பைத் தொட்டுவிடும். ஆகவே கைக்குழந்தைக்கு மருத்துவர் எடை பார்த்து அளவு எழுதித் தந்த பிறகே தொடங்குங்கள். உப்பு கூடினாலும் ஆபத்துதான்.

அளக்கும் முறை:

1. மருந்துக் கடையிலோ பாத்திரக் கடையிலோ கிடைக்கும் அளவுக் கரண்டியை வாங்குங்கள். வீட்டு டீஸ்பூன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு.
2. தூள் உப்பு மட்டும். கல் உப்பில் இடைவெளி இருப்பதால் அளவு பிசகும்.
3. கத்தியின் முதுகால் வழித்துச் சமன் செய்யுங்கள்.
4. காலையிலேயே அன்றைய பங்கை ஒரு சின்ன டப்பாவில் போட்டுவிடுங்கள். நாள் முழுவதும் ஐந்தாறு வேளைப் பாலிலோ கூழிலோ பிரித்துக் கலந்து, இரவில் டப்பா காலியாகிவிட்டதா என்று பாருங்கள். யார் கொடுத்தார், எத்தனை முறை கொடுத்தார் என்ற குழப்பம் இதில் வராது.

மொத்த உப்பையும் ஒரே பாட்டிலில் போட்டால் குழந்தை வாந்தி எடுக்கும்.

ஓடியாடும் வயதில் அளவுக் கரண்டி தேவையில்லை. உப்புள்ள உணவைத் தாராளமாக விடுங்கள். உப்பு போட்ட மோர், நீராகாரம், ஊறுகாய், அப்பளம், கருவாடு, உப்புக்கடலை. மற்ற பிள்ளைகளுக்கு 'வேண்டாம்' என்று சொல்லும் எல்லாம் இவனுக்கு மருந்து. இளநீரைப் பற்றி ஒரு திருத்தம்: அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் மிகக் குறைவு. ஒரு சிட்டிகை உப்பு போட்டால்தான் இந்தக் குழந்தைக்கு முழுப் பயன். வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிக்க விடுவது ரத்தத்தில் இருக்கும் உப்பையும் நீர்த்துப்போக வைக்கும்.

ஓ.ஆர்.எஸ். என்றால் பாக்கெட்டில் உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று அச்சிட்டது, பாக்கெட்டில் குறித்திருக்கும் அளவு தண்ணீர். பழச்சாறு போலத் தித்திக்கும் அட்டைப்பெட்டி பானங்களில் சர்க்கரை அதிகம், உப்பு போதாது.

உப்பு வற்றியதற்கு அடையாளம்: குழந்தை துவண்டு கிடக்கும், பால் குடிக்காது, வாந்தி எடுக்கும், சிறுநீர் குறையும். வயிற்றுப்போக்கே இல்லாமல் இப்படி ஆவதுதான் இதில் விசேஷம். வழக்கமாக நீர்ச்சத்து வற்றினால் ரத்தத்தில் அமிலம் கூடும். இங்கே சோடியம், பொட்டாசியம், குளோரைடு மூன்றும் இறங்கி, ரத்தம் காரப் பக்கம் சாயும். 'சூடோ பார்ட்டர்' என்பார்கள். நம் வெயிலில் கைக்குழந்தைக்கு நோய் முதலில் இப்படி வெளிப்படுவதும் உண்டு. வீட்டில் ஓ.ஆர்.எஸ். கொடுத்துப் பார்த்துக்கொண்டு உட்காராமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை இது.

என்சைம்: ஒவ்வொரு கொழுப்புக் கவளத்துக்கும்

கணையத்தில் சுரப்பு இறுகினால், உணவைச் செரிக்கும் என்சைம் குடலுக்கு வந்து சேராது. அப்படிக் கணையம் பாதிக்கப்பட்ட குழந்தைக்குச் சோற்றைவிட முக்கியமானது அதற்கு முன்னால் போகும் என்சைம் கேப்சூல். உள்ளே இருக்கும் குருணை ஒவ்வொன்றுக்கும் ஓர் உறை உண்டு. இரைப்பையின் அமிலத்தைத் தாண்டி, குடலில் போய்க் கரைவதற்காக அது. கேப்சூலில் எழுதியிருக்கும் 10,000 அல்லது 25,000 என்பது கொழுப்பைச் செரிக்கும் லைப்பேஸின் யூனிட் கணக்கு. கடையில் 'செரிமான டானிக்' என்று கிடைக்கும் சிரப்புகள் மாவுச்சத்துக்கும் புரதத்துக்குமானவை. அவை இதற்கு மாற்றே அல்ல. கடைக்காரர் "இதுவும் அதேதான், விலை கம்மி" என்று நீட்டினால் பெட்டியில் லைப்பேஸ் யூனிட் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

அளவு: கைக்குழந்தைக்கு ஒரு வேளைப் பாலுக்கு 2,000 முதல் 4,000 யூனிட். 4 வயது வரை ஒரு சாப்பாட்டுக்குக் கிலோவுக்கு 1,000 யூனிட்டில் தொடக்கம். 4 வயதுக்கு மேல் கிலோவுக்கு 500. நொறுக்குத்தீனிக்குப் பாதி. உச்ச வரம்பு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 2,500, ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 10,000.

10 கிலோ எடையுள்ள இரண்டு வயதுக் குழந்தையை எடுத்துக்கொள்வோம். மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு வேளைக்கொரு 10,000 கேப்சூல், அதாவது 30,000. மூன்று வேளைச் சிற்றுணவுக்கு அரைக் கேப்சூல் வீதம் 15,000. மொத்தம் 45,000, வரம்பு 1,00,000. மலத்தில் இன்னும் எண்ணெய் தெரிந்தால் மருத்துவரைக் கேட்டுக் கூட்ட இடம் இருக்கிறது. தன்னிச்சையாகக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். மிக அதிக அளவு தொடர்ந்து கொடுத்த குழந்தைகளுக்குப் பெருங்குடல் சுருங்கி அடைத்த வரலாறு உண்டு. இந்த உச்ச வரம்பே அதற்குப் பிறகு வந்ததுதான்.

கைக்குழந்தைக்குக் கொடுக்கும் விதம்: 10,000 யூனிட் கேப்சூலைத் திறந்து குருணையை வெள்ளைத் தாளில் கொட்டி, கத்தி முனையால் நான்காகப் பிரியுங்கள். ஒரு பங்கு ஏறக்குறைய 2,500 யூனிட். வேகவைத்து மசித்து ஆறிய ஆப்பிள் கூழில் அரைக் கரண்டி எடுத்து, அதன்மேல் தூவி உடனே ஊட்டி, பின்னாலேயே பால் கொடுங்கள். ஆப்பிள் ஏன்? அதன் புளிப்பில் உறை கரையாது. பாலிலோ சூடான பருப்பு சாதத்திலோ கலந்தால் தட்டிலேயே உறை கரைந்து, என்சைம் இரைப்பையில் செத்துப்போகும். அம்மியிலோ கரண்டியிலோ நசுக்கினாலும் இதே கதி. பால் குடித்து முடித்ததும் விரலால் ஈறு ஓரத்தையும் கன்னத்தின் உட்புறத்தையும் தடவிப் பாருங்கள். ஒட்டிய குருணை அங்கேயே வேலை செய்யத் தொடங்கி வாயைப் புண்ணாக்கும், தாயின் மார்புக் காம்பையும் புண்ணாக்கும்.

சாப்பாடு அரை மணி நேரத்துக்கு மேல் இழுத்தால் பாதியை முதலிலும் பாதியை நடுவிலும் கொடுங்கள். கையில் முறுக்கோடு வீடு முழுக்கச் சுற்றும் பிள்ளைக்கு என்சைம் கணக்கு ஒருநாளும் சரிவராது. ஆகவே தின்பதற்கு நேரம், உட்காருவதற்கு இடம் என்று பழக்குங்கள். பழம், சர்க்கரைத் தண்ணீர், பால் கலக்காத பழச்சாறு, இளநீர் இவற்றுக்கு என்சைம் தேவையில்லை. காபி, டீ, பிஸ்கெட் எல்லாவற்றுக்கும் தேவை. 'ஒரே ஒரு பிஸ்கெட்தானே' என்று விடுவதுதான் வயிற்று வலியில் போய் முடிகிறது.

டப்பாவை அடுப்பு மேடையிலும் பைக் பெட்டியிலும் வைக்கக் கூடாது. ஈரம் பட்டாலும் கெடும் என்பதால் ஃபிரிட்ஜும் வேண்டாம். வீட்டிலேயே குளிர்ச்சியான அறையின் அலமாரியில், மூடியை இறுக்கி வையுங்கள்.

என்சைம் போதாததன் அறிகுறி தொட்டியிலேயே தெரியும்: மிதக்கும் மலம், சுற்றிலும் எண்ணெய் வளையம், உப்பிய வயிறு. சில குழந்தைகளுக்கு ஆசனவாய் வெளியே தள்ளும். பார்க்கப் பயமாக இருக்கும். குழந்தையைப் படுக்க வைத்து, ஈரத் துணியால் மெதுவாக அழுத்தினால் பெரும்பாலும் உள்ளே போய்விடும். போகாவிட்டாலோ நிறம் கறுத்தாலோ உடனே மருத்துவமனை. உள்ளே போய்விட்டாலும் என்சைம் அளவை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

சாப்பாடு

இந்தக் குழந்தைக்கு அதே வயதுப் பிள்ளையைவிட அதிகக் கலோரி வேண்டும். ஒன்றேகால் மடங்கு, சில சமயம் ஒன்றரை மடங்குக்கும் மேல். அதைக் கொழுப்பிலிருந்துதான் எடுக்க முடியும். இட்லிக்கு மிளகாய்ப் பொடியில் நல்லெண்ணெய் மிதக்கட்டும். பருப்பு சாதத்தில் நெய், சட்னியில் தேங்காய், மாலையில் கடலை மிட்டாய், தினமும் முட்டை. "இருமுகிற பிள்ளைக்கு எண்ணெய், தயிர், வாழைப்பழம் ஆகாது" என்று பெரியவர்கள் தடுப்பார்கள். இங்கே சளி உணவால் வருவதில்லை. எடை குறையக் குறைய நுரையீரலும் தளரும் என்பதை வீட்டில் எல்லோருக்கும் ஒரு முறை உட்கார்ந்து சொல்லிவிடுங்கள்.

ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரையும் வைட்டமின்கள். என்சைமோடு, கொழுப்புள்ள உணவோடு கொடுத்தால்தான் உடலில் சேரும். வெறும் வயிற்றில் கொடுப்பது வீண். ஆண்டுக்கொரு முறை ரத்தத்தில் அளவு பார்ப்பார்கள்.

வாரம் ஒரு நாள், ஒரே தராசில், ஒரே மாதிரி உடையில் எடை பார்த்து நாட்காட்டியில் எழுதுங்கள். ஒரு மாதம் எடை ஏறாமல் நின்றால், குழந்தை சுறுசுறுப்பாகத் தெரிந்தாலும் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

சளியை வெளியேற்றுவது

நல்ல நாளிலும் தினம் இரண்டு முறை. சளி கூடிய நாளில் மூன்று நான்கு முறை. இருமல் இல்லாத வாரத்தில்தான் பெரும்பாலோர் நிறுத்திவிடுகிறார்கள். சளி சத்தமில்லாமல் தேங்குவதும் அந்த வாரத்தில்தான்.

கைக்குழந்தைக்குத் தட்டும் முறை. பால் குடிப்பதற்கு முன், அல்லது குடித்து ஒன்றரை மணி நேரம் கழித்து. மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். விரல்களைச் சேர்த்து, உள்ளங்கையைத் தண்ணீர் அள்ளுவது போலக் குழித்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டு தளர்ந்திருக்க வேண்டும். மெல்லிய பருத்திச் சட்டையின் மேல் தட்டுங்கள். 'டொப், டொப்' என்று கூடான சத்தம் வந்தால் கை சரி. 'பட்' என்று அறை விழுகிற சத்தம் வந்தால் உள்ளங்கை தட்டையாகிவிட்டது. வலிக்கும், பயனும் இல்லை. தோல் சிவக்கக் கூடாது.

விலா எலும்பு இருக்கும் இடம் மட்டும்தான் நம் எல்லை. முதுகுத் தண்டு, நடுநெஞ்சு எலும்பு, வயிறு, விலாவுக்குக் கீழே இடுப்புப் பக்கம் இவற்றில் தட்டக் கூடாது. மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து மேல் மார்பும் மேல் முதுகும்; இடப்பக்கம் சாய்த்து வலது விலா; வலப்பக்கம் சாய்த்து இடது விலா; தோளில் சாய்த்துக் கீழ் முதுகு. ஒவ்வொரு நிலையிலும் மூன்று நிமிடம். தலையைக் கீழே தொங்கவிடும் பழைய முறை கைக்குழந்தைக்கு வேண்டாம். பால் எதிரேறி மூச்சுக்குழாயில் இறங்கும்.

மூன்று நான்கு வயதில் 'ஹஃப்' பழக்குங்கள். முகம் பார்க்கும் கண்ணாடியை வாய்க்கு நேரே பிடித்து, வாயை 'ஹா' என்று அகலத் திறந்து பனி படர ஊதச் சொல்லுங்கள். இருமலைவிட அது சளியை நோகாமல் மேலே தள்ளும். அடுத்தது குமிழி விளையாட்டு: ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் 10 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர், ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பு, அடி வரை போகும் குழாய். ஆழ மூச்சிழுத்து நீளமாக ஊதி நுரையை பாட்டில் வாய்க்கு மேலே பொங்கவிட வேண்டும், உறிஞ்சக் கூடாது. பத்து ஊதலுக்கு ஒரு ஹஃப், ஒரு இருமல். தண்ணீரின் அழுத்தம் மூச்சுக்குழாயை விரித்துப் பிடிக்கும். காற்று சளிக்குப் பின்னால் புகுந்து அதைத் தள்ளும். முடிந்ததும் தண்ணீரைக் கொட்டி, பாட்டிலையும் குழாயையும் கழுவிக் காய வையுங்கள். நேற்றைய தண்ணீரில் இன்று ஊதக் கூடாது.

சின்னப் பிள்ளைகள் சளியைத் துப்பாமல் விழுங்கிவிடுவார்கள். அதனால் கெடுதல் இல்லை. இருமலை அடக்கும் சிரப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். வெளியே வர வேண்டியதை உள்ளே பூட்டி வைப்பதுதான் அதன் வேலை.

நெபுலைசர்: வரிசையும் சுத்தமும்

மருந்து எது என்று மருத்துவர் சொல்வார். வரிசையை நீங்கள் காக்க வேண்டும். முதலில் சால்பியூட்டமால், மூச்சுக்குழாய் விரிய. பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து 3 அல்லது 7 சதவீத உப்புக் கரைசல் 4 மி.லி., சளி இளக. அடுத்து தட்டுதல் அல்லது குமிழி. கடைசியில் ஆன்டிபயாடிக், சளி போன பாதையில்தான் அது ஆழம் போகும். வரிசை மாறினால் விலை உயர்ந்த ஆன்டிபயாடிக் சளியின் மேல் படிந்து இருமலோடு வெளியே வந்துவிடும். உப்புக் கரைசல் சிலருக்கு மூச்சை இறுக்கும். முதல் முறை மருத்துவமனையில் வைத்துப் பாருங்கள்.

சளியை இளக்கும் டோர்னேஸ் ஆல்ஃபா மருந்து தினம் ஒரு முறை 2.5 மி.கி.; எந்த நேரம் என்று மையத்தில் கேளுங்கள். 2 முதல் 8 டிகிரியில், வெளிச்சம் படாமல் இருக்க வேண்டும். வேறெந்த மருந்தோடும் ஒரே கோப்பையில் கலக்கக் கூடாது. அல்ட்ராசோனிக் வகைக் கருவி அதைச் சிதைத்துவிடும். கம்ப்ரசர் வகையே சரி.

மாஸ்க் முகத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். முகத்துக்கு முன்னால் புகையை 'காட்டினால்' மருந்து அறைக்குத்தான் போகும். அழும் குழந்தைக்கும் மருந்து உள்ளே போவது மிகக் குறைவு. முன்பு பத்து நிமிடத்தில் முடிந்தது இப்போது இருபது நிமிடம் இழுக்கிறதென்றால், கோப்பையின் துளை அடைத்திருக்கிறது அல்லது காற்று ஃபில்டர் கறுத்திருக்கிறது.

ஒவ்வொரு முறை முடிந்ததும் கோப்பை, மாஸ்க், வாய்க்குழல் மூன்றையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிறகு தினம் ஒரு முறையாவது கொதிக்கும் நீரில் 5 நிமிடம் போட்டெடுங்கள். கொதிக்கவைக்கலாம் என்று கருவியின் தாளில் இருக்கிறதா பாருங்கள். கொதித்த பிறகு குழாய்த் தண்ணீரில் அலசினால் செய்த வேலை வீண். சுத்தமான துணியில் பரப்பி, முழுதும் உலர்ந்த பின்தான் டப்பாவில் போட வேண்டும். ஈரம்தான் சூடோமோனாஸ் கிருமியின் வீடு. வினிகரை நம்பாதீர்கள். காற்று போகும் நீளக் குழாயைக் கழுவ வேண்டாம்.

கிருமிகள்: எங்கே பதுங்குகின்றன

சூடோமோனாஸ் தேங்கிய ஈரத்தில் வாழ்கிறது. ஏர் கூலர், மாதக்கணக்காகக் கழுவாத தண்ணீர்த் தொட்டி, பாசி பிடித்த கிணற்றடி, நேற்றைய தண்ணீர் கிடக்கும் பிளாஸ்டிக் துப்பாக்கி. பர்க்ஹோல்டேரியா சிபேசியா இன்னும் பொல்லாதது. 1950-இல் அது முதலில் விவரிக்கப்பட்டது வெங்காயத்தை அழுகவைக்கும் கிருமியாகத்தான்; பெயரிலேயே வெங்காயம் இருக்கிறது. அழுகல் வெங்காயத்தைப் பொறுக்கும் வேலையில் இந்தக் குழந்தையைச் சேர்க்காதீர்கள். மழைக்கால வயல் சேற்றில் இருக்கும் அதன் உறவுக்கிருமி ஒன்று மெலியாய்டோசிஸ் என்ற கடும் தொற்றைத் தரும். நடவு நேரத்தில் சேற்றில் இறங்கி விளையாட வேண்டாம்.

மிக முக்கியமான விதி பலருக்கு வருத்தம் தரும்: இந்த நோயுள்ள இரண்டு குழந்தைகள் நெருங்கக் கூடாது. மருத்துவமனையில் 2 மீட்டர் இடைவெளி, முகக்கவசம். பெற்றோர் பேசிக்கொள்ளலாம், பிள்ளைகள் சேர்ந்து விளையாட முடியாது. மற்ற பிள்ளைகளோடு தாராளமாக விளையாடலாம். இந்த நோய் தொற்றாது. பள்ளியில் இதை எழுதியே கொடுங்கள். கூடவே, தண்ணீர் பாட்டிலுக்கும் கழிப்பறைக்கும் கேட்ட உடனே அனுமதி, விளையாட்டு வகுப்புக்குப் பிறகு உப்பு மோர்.

மூன்று மாதத்துக்கொரு முறை சளி அல்லது தொண்டைத் துடைப்பைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு) கொடுங்கள். சூடோமோனாஸ் முதல் முறை தெரிந்தவுடன், குழந்தை நன்றாக இருந்தாலும், பிடித்து ஒழிக்க வாய்ப்பு இருக்கிறது. டோப்ராமைசின் என்ற ஆன்டிபயாடிக் 300 மி.கி. தினம் இரண்டு முறை, 28 நாள் நெபுலைசரில் வைப்பது வழக்கமான முறை. நிலைத்துவிட்டால் துரத்துவது கடினம்.

ஃப்ளூ ஊசி ஆறு மாதம் முதல் ஆண்டுதோறும். நிமோகாக்கல் ஊசி உட்பட அட்டவணையில் எதையும் தவறவிடாதீர்கள். தலை குளிப்பாட்டியதும் சாம்பிராணி காட்டுவது, கொசுவர்த்திச் சுருள், விறகடுப்பு, சிகரெட் எல்லாம் இந்த நுரையீரலுக்கு ஒன்றுதான். மூக்கில் எண்ணெய் விடுவதும் தொக்கம் எடுப்பதும் வேண்டாம். எண்ணெய் நுரையீரலில் இறங்கினால் அதுவே தனி நிமோனியா.

எப்போது கூப்பிடுவது, எப்போது ஓடுவது

இருமல் கூடுவது, சளி நிறம் மாறுவது, பசி குறைவது, பள்ளி முடிந்து வந்ததும் படுத்துவிடுவது: இரண்டு நாள் நீடித்தால் கூப்பிடுங்கள். காய்ச்சல் வர வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். பல முறை வராது. ஆன்டிபயாடிக் பொதுவாக இரண்டு வாரம் போகும். ஐந்தாம் நாளே தேறிவிட்டான் என்று நிறுத்தாதீர்கள்.

சளியில் ரத்தம், திடீர் நெஞ்சுவலியோடு மூச்சுத் திணறல், பச்சை வாந்தி இவற்றுக்கு உடனே கிளம்புங்கள். வலது அடிவயிற்றில் வலி, கட்டி போலத் தட்டுப்படுதல், மலம் போகாமை என்றால் குடலில் பசை அடைத்திருக்கலாம். வெயிலில் தண்ணீர் குறைந்து, என்சைமும் தவறிய பின் இது வரும். விளக்கெண்ணெய் கொடுத்துப் பார்க்காதீர்கள்.

10 வயது முதல் ஆண்டுதோறும் குளுக்கோஸ் குடிக்கவைத்து எடுக்கும் சர்க்கரைப் பரிசோதனை தேவை. கணையம் தளர்ந்து சர்க்கரை நோய் ஓசையின்றி வரும்; எடை இறங்குவதே அதன் முதல் அடையாளமாக இருக்கும்.

புதிய மருந்து, செலவு, அடுத்த குழந்தை

பழுதான கதவையே திருத்தும் மாத்திரைகள் 2012-இல் ஐவாகாஃப்டரோடு வந்தன. 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மூன்று மருந்துக் கூட்டு, எஃப்508டெல் உள்ளவர்களின் வாழ்க்கையை மாற்றியது. உங்கள் குழந்தையின் பிறழ்வு அதற்கு இணங்குமா என்பது மரபணு அறிக்கையில்தான் இருக்கிறது. அதனால்தான் அந்த அறிக்கையைப் பத்திரப்படுத்தச் சொல்கிறோம். இந்த மாத்திரையைக் கொழுப்புள்ள உணவோடு சாப்பிட வேண்டும், கல்லீரல் பரிசோதனை வேண்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இந்த மருந்தின் வீரியத்தைக் குலைத்துவிடும். இந்தியாவின் 2021 அரிய நோய்க் கொள்கையில் இந்த நோயும் இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட சிறப்பு மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை உதவிக்கு வழி உண்டு. விண்ணப்பத்தை மையத்தின் மருத்துவரே அனுப்ப வேண்டும்.

ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. மாமன் மகள், அக்கா மகள் உறவில் திருமணம் செய்த குடும்பங்களில் உறவினர்களும் மரபணு ஆலோசனை பெறுவது நல்லது. இரு பெற்றோரின் பிறழ்வும் தெரிந்திருந்தால் 11-ஆவது வாரம் முதல் நஞ்சுக்கொடித் திசுவில் பார்க்கலாம். கர்ப்பம் ஆன பிறகு தேடத் தொடங்கினால் நாள் போதாது.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள்

நள்ளிரவில் காஷுவாலிட்டியில் இருக்கும் இளம் மருத்துவர் இந்த நோயை ஒரு முறைகூடப் பார்த்திருக்க மாட்டார். வாயால் விளக்க உங்களுக்கும் அப்போது நிதானம் இருக்காது. ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி, கைப்பேசியிலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: குழந்தையின் பெயர், எடை, தேதி. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், ஸ்வெட் குளோரைடு எண், பிறழ்வு. தினசரி மருந்தும் அளவும். கடைசிக் கல்ச்சரில் வந்த கிருமி, அதற்குக் கேட்ட ஆன்டிபயாடிக். ஒவ்வாமை. மையத்தின் தொலைபேசி எண். அடியில் இரண்டு வரி: 'துவண்டிருந்தால் உடனே சோடியம், பொட்டாசியம், குளோரைடு, பைகார்பனேட் பாருங்கள். உப்பில்லாத குளுக்கோஸ் மட்டும் ஏற்ற வேண்டாம்.' எடையை மூன்று மாதத்துக்கொரு முறை பென்சிலால் திருத்துங்கள்.